கரையேறிய கப்பலும் கரையேறாத மாந்தரும்

விரிஞ்சிபுரத்தில் என்னிடம் ஓதும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, ஒருமுறை காட்பாடியில் இரயிலேறி விசாகப்பட்டினம் சென்றிருந்தேன். அந்நகரின் கடற்கரை மணலில் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டிருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு முனையில் ஏறினோம். வட்ட வாயில்களைக் குனிந்து கடந்து மறுமுனையில் இறங்கினோம். மணலில் கால் வைத்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜரத், இந்தக் கப்பல் சண்டையிலே எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது?"

"ஒன்றையும் இல்லை" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

அந்த வாட்டமே என்னைச் சிந்திக்க வைத்தது. கொல்லாத கருவி ஒரு பிள்ளைக்கு ஏமாற்றமளிக்கிறது என்றால், அக்கருவியைக் காட்டிய முறையில் பிழையா, கண்ட கண்ணில் பிழையா? போர்க்கருவிகளைப் பேணிப் பாதுகாத்து மக்களுக்குக் காட்டுவது தகுமா?

குர்சுரா சோவியத் நாட்டில் கட்டப்பெற்று 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 91 மீட்டர் நீளம். நீரின் மேல் டீசல் எந்திரத்தாலும், நீருக்கடியில் மின்கலங்களாலும் இயங்கியது. 22 டார்பிடோக்களைச் சுமக்கவல்லது. எழுபதுக்கும் மேற்பட்டோர் அதனுள் நெருங்கி வாழ்ந்தனர். 1971 போரில் ரோந்து சென்று திரும்பியது. 31 ஆண்டுகள் உழைத்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டு முதல் கரையில் நிற்கிறது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வழிகாட்டிகளாய் நின்று விளக்குகின்றனர்.

தோல் பதனிடும் ஊர்களுக்கிடையே வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். சுண்ணாம்பிலிட்டு மயிரை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எறிந்த பிறகுதான் தோல் பதமாகும். கெடக்கூடியது யாவும் போனால்தான் எஞ்சியது நிலைக்கும். காட்சிச்சாலையும் அப்படித்தான். டீசல் நாற்றமும், காற்றுக்குத் திணறிய நெஞ்சும், 'மேலே வருவோமா' என்ற அச்சமும் நீக்கப்பட்ட பின்னரே கப்பல் நம் பார்வைக்கு வருகிறது. நாம் காண்பது பதனிட்ட போர், உயிரோடிருந்த போரன்று.

ஆனால் பதனிடப்படாத போர் தொலைவில் இல்லை. அதே விசாகப்பட்டினக் கரைக்கு அப்பால், கடலின் அடியில், 'காஜி' என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி கிடக்கிறது. அமெரிக்காவில் 'டயாப்லோ' என்ற பெயரில் பிறந்து, பாகிஸ்தானிடம் சேர்ந்த கப்பல் அது. 1971 டிசம்பர் முதல் வாரத்தில் 90-க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. நம் தாக்குதலால் மூழ்கியது என்று நாமும், உள்ளே நேர்ந்த வெடிப்பால் மூழ்கியது என்று அவர்களும் கூறிவருகிறோம். அதன் சிதைவை நம் கடற்படை கண்டறிந்ததென்றும், இறந்தோரை மதிக்கும் மரபுப்படி அதைத் தொடாமல் விட்டதென்றும் 2024-இல் செய்தி வந்தது. ஒரே கடல், ஒரு கப்பலுக்கு நுழைவுச் சீட்டு, மற்றொன்றுக்கு மௌனம்.

இனி, இதே காட்சியை மறுகரையிலிருந்து பாருங்கள். 1971 டிசம்பர் 9 அன்று தியூ கடற்பகுதியில் நம் 'குக்ரி' போர்க்கப்பலை, 'ஹங்கோர்' என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. தலைவர் மகேந்திரநாத் முல்லா உள்ளிட்ட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அந்த ஹங்கோர் இன்று கராச்சியில் காட்சிப் பொருளாய் இருக்கிறது. அங்கும் பிள்ளைகள் குனிந்து நுழைந்து நிமிர்ந்து வெளியேறுவார்கள். அப்பிள்ளைகளில் ஒருவன், "இது எத்தனை பேரைக் கொன்றது?" என்று கேட்டு, விடையறிந்து கைதட்டினால் நம் நெஞ்சம் பொறுக்குமா? அந்த 194 பேரின் தாய்மாரை அவன் ஒரு கணம் எண்ணவேண்டும் என்றல்லவா விரும்புவோம்! பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த எண்ணத்தை, விசாகப்பட்டினக் கரையில் நிற்கும்போது நாமும் செலுத்தவேண்டாமா?

இது நாட்டுப்பற்றுக்கு முரணானதன்று. ஆழ்கடலில் நமக்காக விழித்திருந்தோர்க்கு நன்றி செலுத்துவது கடமை. வீரத்தைப் போற்றுவது வேறு. சாவைச் சுவைப்பது வேறு. முன்னது மனிதனை உயர்த்தும். பின்னது அவன் உள்ளத்தை மரத்துப்போகச் செய்யும்.

"அப்படியானால் இவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாமே" என்பாரும் உளர். அதுவும் முறையன்று. நம் வேலூர்க் கோட்டையும் ஒரு போர்க்கருவியே. 1806 ஜூலை 10 அன்று அதனுள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், அன்றே அவர்கள் இரக்கமின்றிக் கொல்லப்பட்டதும் அக்கற்கள் நிற்பதால்தான் நினைவில் நிற்கின்றன. ஆயினும் மாலை நேரத்தில் அகழியோரம் காற்று வாங்கி, கடலை கொறித்துத் திரும்பும் நம்மில் எத்தனை பேர் அந்த நாளை நினைக்கிறோம்? கல்லும் இரும்பும் நினைவூட்டத்தான் முடியும்; நினைப்பது நம் வேலை.

அரபு மொழியில் 'அபர' என்றால் கடந்தான் என்று பொருள். அதே வேரிலிருந்து பிறந்ததே 'இப்ரத்' என்னும் சொல். அது படிப்பினையைக் குறிக்கும். கண்ட பொருளிலிருந்து காணாத உண்மைக்குக் கடந்து செல்வதே படிப்பினை. அவ்வேரிலேயே 'அப்ரத்' என்றொரு சொல்லும் உண்டு. அதன் பொருள் கண்ணீர். கடப்பதும், கற்பதும், கண்ணீரும் ஒரே வேரில் கிளைத்திருக்கும் நயத்தை எண்ணி வியக்கிறேன்.

நீர்மூழ்கியின் ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுவது ஒரு கடப்பு; அதற்குக் கால்கள் போதும். குர்சுராவிலிருந்து காஜிக்கும், ஹங்கோரிலிருந்து குக்ரிக்கும் கடப்பது மற்றொரு கடப்பு. அதற்கு உள்ளம் வேண்டும். இரண்டாவது கடப்பு நிகழுமாயின், போர்க்கருவியைப் பேணுவதும் காட்டுவதும் தகும். நிகழாவிடில், அது வெறும் வேடிக்கையே.

அன்று மாலை மாணவர்களைக் கடலை நோக்கி உட்கார வைத்து காஜியின் கதையைச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன் நெடுநேரம் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "ஹஜரத், அவர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள், இல்லையா?"

அவன் கடந்துவிட்டான் என்று அறிந்துகொண்டேன்.