செம்பு நிறைய வெள்ளம்

மூன்று நாள் காலையிலும் அந்தச் செம்பு நிறைந்தே இருந்தது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உறக்கம் வருவதில்லை.

போன ஆடியில் அம்மாவோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று கடியப்பட்டணத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 78 வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை; அதில் ஒன்று நீர் போகிற மாத்திரை. நான்காம் நாள் மத்தியானம் என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன மாமாவின் பெயரைச் சொல்லி, "வள்ளம் அணைஞ்சாச்சா?" என்று கேட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர், உடம்பில் தண்ணீரே இல்லை, உப்பும் கணக்குத் தப்பிக் கிடக்கிறது என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. தெளிந்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். ஊரில் இதைவிடப் பெரிய காரியங்கள் தினமும் நடக்கின்றன.

ஆனால் அந்தச் செம்பு. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை ராத்திரி எட்டு மணிக்கு அதில் ஊற்றி, அம்மாவின் தலைமாட்டு ஸ்டூலில் வைத்து, சின்னத் தட்டால் மூடுவேன். காலையில் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும். வைத்த அதே மட்டம். குடித்துவிட்டு, வெளுப்பாங்காலத்தில் எழுந்துபோய் அவளே மறுபடி நிறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன்? நிறைகுடத்தைக் கண்டால் நல்லது என்று பழகிய கண். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் வயதானவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன். நாகர்கோவிலில் வாங்கிய ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, நொச்சி இலை போட்ட ஆவி, சுக்குக் காப்பி. கச்சான் காற்று நேரே அடிக்கும் என்று மேற்கு ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய துணியும் திணித்தேன். எலிக்காய்ச்சல் பயத்தில், தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதே என்று ஓயாமல் சொன்னேன். குளிர் வரும், கொசு வரும், கிருமி வரும் என்று வருவதையெல்லாம் வாசலிலேயே மறித்து நின்றேன். ஊரில் பழைய ஆட்கள் குடிக்கிற தண்ணீரையும் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் அது ஊரை அழிக்க வரும். ஓட்டின்மேல் மழை, தெருமுனையில் கடல், கொஞ்சம் தள்ளி கலங்கி ஓடிக் கடலில் விழும் வள்ளியாறு. இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவி தண்ணீர் இல்லாமல் வற்றிப்போவாள் என்று யாருக்குத் தோன்றும்?

வீடு திரும்பிய அன்று ராத்திரி கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"குடிச்சா எழும்பணும்லா மக்களே. வெளிய பாசி. விழுந்தா ஒனக்குல்லா பாடு."

எங்கள் வீட்டில் கக்கூஸ் அடுக்களைக்குப் பின்னால், வெளியே இருந்தது. பதினான்கு எட்டு. நான் எண்ணிப் பார்த்தேன். ஆனி பிறந்தால் அந்த சிமென்ட் தரையில் பாசி பிடித்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழை நாளில், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். கடைசிவரை கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். மாலை நாலு மணிக்குமேல் தண்ணீர் இல்லை. நீர் போகிற மாத்திரையும் இல்லை. ஜெபமாலை வைக்கும் டப்பாவில் அந்த மாத்திரைகள் ஒன்பது கிடந்தன. நாலு மணிவரை எவ்வளவு குடித்தாளோ. பகலிலும் அந்தப் பாசி அங்கேதானே இருந்தது.

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். சாதாரணக் காரியமில்லை, முன்பெல்லாம் அதற்காகப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, அரைநாள் போகும். அந்தப் பெண்ணிடமும் அம்மா, "ஒழுங்கா திங்கேன் மக்களே" என்றுதான் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்வதில் அம்மாவுக்கு இருக்கும் மரியாதையை நான் ரசிக்கவேண்டியதுதான்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் கக்கூஸ் உள்ள வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆண்கள் எந்நேரமும் கடற்கரைக்குப் போவார்கள். பெண்கள் இருட்ட வேண்டும், அல்லது விடியும் முன் எழும்ப வேண்டும். கோடையில் பரவாயில்லை, கரை அகலமாகக் கிடக்கும். ஆனி ஆடியில் கடல் ஏறி மணலைத் தின்றுவிடும். ஒதுங்க இடமே இராது. அந்த மாதங்களில் அம்மாவும் சித்திமாரும் மத்தியானக் கஞ்சியில் தண்ணீரை வடித்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்பதைப் பார்த்திருக்கிறேன். ருசிக்காக என்று அப்போது நினைத்தேன். முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றி வரும்போது பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போவதும், போகிற வழியில் சிரிப்பதும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பற்றி யாராவது எழுதவேண்டும். எனக்கு அது தெரியாது.

ஆக, 60 வருஷத்துக்கு மேலாக அந்த உடம்பு ஒன்றைக் கற்றிருக்கிறது. மழைக்காலம் என்றால் தாகத்தை அடக்கும் காலம். பேதுரு பவுல் திருநாள் ஜூன் 29-ல் முடிந்து, பந்தல் பிரித்து, கடல் கறுக்கத் தொடங்கியதும் அவள் உடம்புக்குள் ஏதோ ஒரு மடை தானாக அடைபட்டுவிடுகிறது. நான் ஸ்வெட்டர் வாங்கப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே அவள் பருவத்துக்குத் தயாராகிவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பிலோ பத்திலோ தமிழ் ஐயா திணைகளுக்குப் பொழுது சொல்லிக்கொண்டு வந்தார். முல்லைக்குக் கார். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். நெய்தலுக்கு வந்ததும் சிறுபொழுது எற்பாடு என்று சொல்லி நிறுத்தினார். பெரும்பொழுது எது என்று ஒருத்தன் கேட்டான். தொல்காப்பியர் நெய்தலுக்குப் பெரும்பொழுது சொல்லவில்லை, மருதத்துக்கும் சொல்லவில்லை, பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் ஆறு பொழுதும் உரியது என்றார்கள் என்றார். வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். எங்களுக்கென்று ஒரு பருவம் தராமல் விட்டுவிட்டாரே என்று எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது. பருவம் பார்க்காமல் ஒரு நாள்கூட ஓடாத ஊர் எங்களுடையது. இரண்டு மழை உள்ள மாவட்டம் என்பதுபோல் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலமும் உண்டு: கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இப்போது யோசித்தால் தொல்காப்பியர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒருவேளை அவர் கேட்டுப் பார்த்திருப்பார். எங்கள் பெண்கள், "எல்லாக் காலமும் ஒண்ணுதான் ஐயா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இதையெல்லாம் விட்டு மருத்துவமாக ஏதாவது படிக்கலாம் என்று தேடியபோது ஒரு பழைய ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 1984-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஆரோக்கியமான வயதான ஆட்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகவே எடுத்திருக்கிறது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்திருக்கிறார்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மழுங்கும், சிறுநீரகமும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வலுவை இழக்கும் என்பது இப்போது எல்லா டாக்டர்களும் சொல்வது. சரிதான். ஆனால் அந்த ஆராய்ச்சியில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். தாகம் எடுத்தும் அதைச் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறவளை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள்? அம்மாவுக்குத் தாகம் எடுத்ததா, எடுக்கவில்லையா? அவளிடமே கேட்டேன். "அது ஓர்மயில்ல" என்றாள்.

எங்கள் கடலில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. கரையில் காற்றில்லை, மழையில்லை, மேகம்கூட இல்லை. திடீரென்று அலை வீட்டு நடைவரை வந்து நிற்கும். எங்கோ தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணப்பட்டு வந்து சேர்கிறது. இந்தப் பெயரையே 2012-ல் யுனெஸ்கோவும் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. அம்மாவுக்கு வந்ததும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. நான் அந்த ஆடியின் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; வந்த அலை எத்தனையோ ஆடிகளுக்கு முன்னால் புறப்பட்டது.

அவள் போட்ட கணக்கு தப்பா என்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இடுப்பு முறிவதும் தண்ணீர் வற்றுவதும் எதிரெதிரே நின்றால், டிரிப்ஸில் தீரக்கூடியதைத்தான் அவள் தேர்ந்திருக்கிறாள். மாத்திரையை நிறுத்தியது தப்பு, அதைப்பற்றிச் சந்தேகமில்லை. தண்ணீர் விஷயத்தில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இருதயம் பலவீனமானவர்களுக்கு அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து, அம்மாவுக்கு அந்தக் குறை இல்லாததால் கொடுக்கலாம், எல்லாக் கிழவிகளையும் பிடித்துக் குடி குடி என்று படுத்தாதே. நான் படுத்துகிற ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

தையில் தம்பி பணம் அனுப்பினான். அம்மாவின் அறையை ஒட்டியே ஒரு பாத்ரூம் கட்டினோம். சொரசொரப்பான தரை, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி, ராத்திரி முழுக்க எரிகிற சின்ன பல்பு. கட்டிலிலிருந்து நாலே எட்டு. அம்மா அதைப் போய்ப் பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டா, நுழையக் கூச்சமா, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இந்த ஆடியிலும் போயிருந்தேன். முதல் ராத்திரி அதே செம்பு, அதே சீரகத் தண்ணீர், அதே தட்டு. இந்தத் தடவை மேற்கு ஜன்னலை நான் அடைக்கவில்லை. காற்று வரட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். விடிந்ததும் தட்டைத் தூக்கினேன். பாதிக்குமேல் இல்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பல் தேய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தபோது அந்த ஜன்னலுக்கு நேர் கீழே குனிந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இருக்கிறது இப்போது. மண் நனைந்து கிடந்தது. ராத்திரி முழுக்கச் சாரல் அடித்திருந்தது. முற்றம் முழுவதுமே நனைந்துதான் கிடந்தது.

உள்ளே போனேன். அம்மா எழும்பி உட்கார்ந்து ஜெபமாலையைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.