கைகாட்டிக்கு வேண்டிய வானம்

மலையைச் சிறிதாக்குவது எளிது. அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். சமவெளிக்கு அப்படி எதுவும் இல்லை. சேலத்திலிருந்து மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் போகும் தடத்தில் மலைகள் எல்லாம் ஓரமாக நிற்கின்றன. நடுவில் செம்மண் காடு, பனை, தென்னை, கோழிப் பண்ணை, மீண்டும் காடு. இந்த நடுப்பகுதியைத்தான் பலகை மேல் கொண்டுவர நினைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட அளவு 1:87. உலகம் முழுக்க எச்ஓ என்று சொல்லும் அளவு. நாமக்கல் கோட்டைப் பாறை சுமார் 65 மீட்டர் உயரம். என் அறையில் அது முக்கால் மீட்டர் ஆகிவிடும், பலகையில் உட்காரும். கொல்லிமலை உட்காராது. 1,200 மீட்டர் மலை இந்த அளவிலும் 14 மீட்டர் உயரம் வரும், கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதைச் சுவரில்தான் தீட்ட வேண்டும். வெளிறிய நீலத்தில், அடிவாரம் மேலும் வெளிறியதாக. இங்கே கோடையில் மலையின் அடி புழுதியில் கரைந்து, முகடு மட்டும் தெளிவாக நிற்கும்.

தண்டவாளத்தில் ஒரு சங்கடம் உண்டு. நம் அகலப்பாதையின் அகலம் 1,676 மி.மீ. 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5; அது மேல்நாட்டு 1,435 மி.மீ. பாதைக்கானது. நான் 16.5ஐயே வைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் குறைவு உறுத்தாது. மீட்டர்கேஜில் இந்தத் தொல்லையே இல்லை. கணக்குப்படி 11.5, கிடைப்பது 12. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

அதனால்தான் இரண்டு பலகைகள். ஒன்று நாமக்கல் பக்கம், அகலப்பாதை. மற்றொன்று சேலம்–விருத்தாசலம் தடம் மீட்டர்கேஜாக இருந்த காலத்துக்கு, அயோத்தியாப்பட்டணத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் ஒரு சிறு நிலையம்.

*

நாமக்கல் பலகையில் கைகாட்டி மரம் வைக்கக்கூடாது. வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொய். சேலம்–கரூர் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியதே 2013இல். அதற்குள் கைகாட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. அந்தத் தடம் பிறக்கும்போதே விளக்குச் சிக்னலோடு பிறந்தது. சேலத்துக்கு ரயில் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு நாமக்கல்லுக்கு வந்தது.

மீட்டர்கேஜ் பலகைக்குத்தான் கைகாட்டி. படுக்கைவாட்டில் நீட்டிய சிவப்புக் கை என்றால் நில். கீழ்நோக்கிச் சாய்ந்தால் வரலாம். நிறுத்தும் கையின் நுனி நேராக வெட்டியிருக்கும், நுனிக்குச் சற்று உள்ளே ஒரு வெள்ளைப் பட்டை. முன்னெச்சரிக்கை தரும் வார்னர் கையின் நுனியோ மீன்வால் போலப் பிளந்திருக்கும். குளிர்பானத் தகர டப்பாவை வெட்டி இவற்றைச் செய்கிறேன். தகரத்தை வெட்டுவதைவிட அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்ப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

சிக்னல் கேபினிலிருந்து கைகாட்டி வரை கம்பி ஓடும், சிறு சிறு உருளைகள் மேல். வெயிலில் கம்பி நீளும், நீண்டால் கை சரியாகச் சாயாது. அதனால் கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்யவே தனியாக ஓர் அமைப்பு இருந்தது. கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் விடை மரத்திலேயே இருந்தது: எதிர்ப்பாரம் கையைத் தானாகப் படுக்கைவாட்டுக்குத் தூக்கிவிடும். கோளாறு என்றால் 'நில்'. இதைச் சிறிதாகச் செய்யும்போதும் அந்தப் பாரத்தை விடவில்லை. கீழே சிறு மோட்டார் இழுத்தால் கை சாய்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டால் கை தானே எழுகிறது. பார்ப்பவர்க்கு இது தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்த ஒழுங்கு இல்லாமல் அதைக் கைகாட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரவு விளக்கிலும் ஒரு நுட்பம். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரியும். அதன்முன் வெறும் பச்சைக் கண்ணாடியை வைத்தால் மஞ்சள் கலந்து நிறம் கெடும். ஆகவே நீலம் ஓடிய பச்சைக் கண்ணாடியைப் பதித்தார்கள். சுடரும் கண்ணாடியும் சேர்ந்து தூரத்தில் நல்ல பச்சையாகத் தெரியும். மஞ்சள் சாயல் கொண்ட எல்இடியின் முன்னால் நீலப்பச்சைத் தாளை வைத்துப் பார்த்தேன். அதே கணக்கு இங்கேயும் பலித்தது. விளக்கை அணைத்தால் தாள் நீலம், ஏற்றினால் பச்சை.

*

கைகாட்டிக்குப் பின்னால் வானம் வேண்டும். இதை ஒரு மரத்தைச் செய்து பலகையில் நட்டுப் பார்த்த பிறகே முழுதாக உணர்ந்தேன். பின்னால் மலை இருந்தாலோ தோப்பு இருந்தாலோ சிவப்புக் கை அதில் மூழ்கிவிடுகிறது. வெள்ளைப் பட்டை மட்டும் மிதக்கிறது. உயரமான மரத்தில் கையை ஏற்றியதற்கு இது ஒரு காரணம்: டிரைவர் கண்ணுக்குக் கையின் பின்னால் ஆகாயம் விழவேண்டும். அப்படியென்றால் கைகாட்டிக் காலத்தில் வானமும் சிக்னலின் ஒரு பாகம். விளக்குச் சிக்னல் வந்ததும் வானத்துக்கு அந்த வேலை போய்விட்டது. விளக்குச் சிக்னல் தன் கறுப்புப் பலகையைத் தானே பின்னால் சுமந்துகொண்டு நிற்கிறது.

இதற்குப் பிறகு காட்சியமைப்பு வேறு வேலை, சிக்னல் வேறு வேலை என்று எனக்குத் தோன்றுவதில்லை. டிரைவரின் கண்ணுக்கும் சிக்னலுக்கும் நடுவில் கிடப்பதுதான் காட்சி. ஒரு புளியமரத்தை எங்கே வைப்பது என்பதை இப்போது அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை. எஞ்சின் நிற்கும் இடத்தில் கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். கை மறைந்தால் மரத்தை நகர்த்துகிறேன். வண்டியில் லோகோ பைலட்டும் உதவி பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கண்டதும் வாய்விட்டுச் சொல்லி, ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதி செய்ய வேண்டும். கண் பார்த்ததை வாயும் சொல்ல வேண்டும் என்ற அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகும் தடம் தென்மேற்காக ஓடுகிறது. மார்கழி, தை மாதச் சாயங்கால வெயில் எஞ்சினின் முகத்தில் நேராக அடிக்கும். எதிர்த்திசையில் வரும் வண்டிக்கு வேறு ஆபத்து: வெயில் சிக்னலின் கண்ணாடிக்குள் புகுந்து, எரியாத விளக்கை எரிவதுபோலக் காட்டலாம். விளக்கின் மேல் நீளும் கறுப்புக் குல்லாய் இந்தப் பொய் வெளிச்சத்தைத் தடுக்கத்தான். ஆகவே அதை அலங்காரம் என்று நினைத்துக் குட்டையாகச் செய்யக்கூடாது.

*

விளக்குச் சிக்னலுக்கு மெல்லிய செப்புக் கம்பி வேண்டும். மூன்று மி.மீ. பித்தளைக் குழாய்க்குள் நான்கு கம்பிகள் நுழைய வேண்டும். இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் மோட்டார் காயில் கட்டும் கடை உண்டு. கிணற்று மோட்டார் இல்லாமல் இந்தச் சமவெளியில் விவசாயம் இல்லை.

"எத்தனாம் நம்பருங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

"தலமுடியாட்டம் இருந்தாப் போதுங்கண்ணா."

பேன் காயிலுக்கு வைத்திருந்த 36ஆம் நம்பரை எடுத்து, விரலில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "அப்ப டிஸ்டண்டுக்குச் சிகப்பு வெக்காதீங்க" என்றார். ரயில் பாதை ஓரமாக வளர்ந்தவராம்.

அவர் சொன்னது சரி. டிஸ்டண்ட் சிக்னலில் சிவப்பே கிடையாது. மேலே மஞ்சள், நடுவில் பச்சை, கீழே மஞ்சள். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வா. கம்பத்தில் வெள்ளை வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து. நிறுத்துவது அதன் வேலை இல்லை. வரப்போவதைச் சொல்வது மட்டும்தான்.

எல்இடிக்குப் போடும் மின்தடையில் நான் தாராளம். 12 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் போதும் என்பார்கள். சின்ன அறையில் அது கண்ணைக் குத்துகிறது. 4.7 கிலோஓம் வைத்தபின் வெளிச்சம் தூரத்தில் இருப்பதுபோல் ஆயிற்று.

டிஸ்டண்ட் சிக்னல், நிலையத்துக்குள் விடும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். 1:87இல் அது பதினொன்றரை மீட்டர், என் வீட்டைவிட நீளம். இங்கே சுருக்காமல் வழி இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் சுருக்க மாட்டேன். விளக்குச் சிக்னல் உள்ள நிலையத்தில் ஒரு சிக்னல் வரை வண்டியை வர விட வேண்டுமானால், அந்தச் சிக்னலைத் தாண்டியும் 120 மீட்டர் தடம் காலியாக இருக்க வேண்டும். கைகாட்டிக் காலத்து இரண்டு நிலைச் சிக்னலுக்கு 180 மீட்டர். ஓவர்லாப் என்று பெயர். வண்டி நிற்கத் தவறினால் என்பதற்காக ஒதுக்கி வைத்த இடம். எதுவும் நிற்காத, எதுவும் நடக்காத அந்த இடத்தையும் யாரோ அளந்து விதியாக்கி வைத்திருக்கிறார்கள். என் பலகையில் அது 138 சென்டிமீட்டர். நண்பர்கள் அங்கே ஒரு சரக்கு வேகனை நிறுத்தச் சொல்கிறார்கள். அது காலியாகவே கிடக்கும்.

*

மேல்நாட்டில் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் மேடுபள்ளத்துக்குக் கோழிக்கூட்டு வலையை வளைத்து, அதன்மேல் காகிதத்தையும் பிளாஸ்டர் ஆப் பாரிசையும் பூசுவார்கள். நாமக்கல்லில் அந்த வலைக்கு அலைய வேண்டியதில்லை.

மண்ணும் இங்கேயே இருக்கிறது. செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து, தண்ணீர் கலந்த பெவிகாலில் ஒட்டினால் காய்ந்த பிறகு நிறம் கறுக்கிறது. சலிக்கும்போதே கொஞ்சம் கோலமாவைக் கலந்துவிட்டால் ராசிபுரத்துக் காட்டின் நிறம் வந்துவிடுகிறது. ஜல்லிக்குக் கிரஷர் தூள். 50 மி.மீ. கருங்கல் ஜல்லி இந்த அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு சல்லடைகளுக்கு நடுவில் தங்குவதை மட்டும் எடுக்க வேண்டும். பீர்க்கங்காய் நாரைக் கிள்ளிப் போட்டால் வேலிப்புதர்.

பனைமரத்தை எல்லோரும் குட்டையாகச் செய்கிறார்கள். 20 மீட்டர்ப் பனை இங்கே 23 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், ஓடும் பெட்டியைப்போல் நாலைந்து மடங்கு உயரம். அப்படி நட்டபோதுதான் ரயில் சிறுத்து நிலம் பெருத்தது. அதுவே உண்மையான விகிதம்.

கோழிப் பண்ணைக் கொட்டகைகளைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுவார்கள், வெயில் பக்கவாட்டில் உள்ளே விழாதிருக்க. தடமோ வடக்கு தெற்காகப் போகிறது. ஆகவே ரயிலிலிருந்து பார்த்தால் கொட்டகைகளின் முனைகளே தெரிகின்றன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது ஒரு நொடி நீண்ட உள்ளறை திறந்து மூடுகிறது. நூறு மீட்டர்க் கொட்டகை ஒன்றுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் இடம் வேண்டும். பலகையின் விளிம்பில் அதை வெட்டிவிட்டேன். முனை இருந்தால் போதும்.

*

இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர், 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்னும் வட்டாரத்தின் பழைய கூரைவீடுகள் இடிபடுவதைக் கண்டு, மறைவதற்குள் அவற்றை 1:76 அளவில் செய்து வைக்கத் தொடங்கினார். வேலை பல பத்தாண்டுகள், பலர் கைகளில் தொடர்ந்தது. நம் நாட்டில் புனே கோத்ருட்டில் பாவ் ஜோஷியின் சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. அங்கே சிக்னல்கள் உண்மையாகவே வேலை செய்கின்றன. முதலாமவர் நிலத்துக்காகச் செய்தார், இரண்டாமவர் ஓட்டத்துக்காக. என் சாய்வு பெண்டன் பக்கம். ஆத்தூர்த் தடத்தில் மீட்டர்கேஜின் சுவடே இல்லை. ஒரு கேபின், ஒரு கம்பிவரிசை, ஒரு கைகாட்டி என்று யாராவது செய்து வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பேச்சாகிவிடும்.

*

சிக்னலுக்கு ஓர் ஆண்டு இருக்கிறது. நிலத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. எந்த மாதம் என்று முடிவு செய்யாமல் ஒரு செடியைக்கூட நட முடியாது.

புரட்டாசி என்றால் குச்சிக்கிழங்குக் காடு ஆளுயரத்துக்குப் பச்சை. ஆடி என்றால் மோகனூரில் காவிரி. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறப்பார்கள், ஜனவரி 28இல் பாசனத்துக்கு மூடுவார்கள். மாசியை எடுத்துக்கொண்டேன். கிழங்கு பிடுங்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். பாதிக் காடு வெறும் செம்மண். அடுத்த நடவுக்கு வேண்டிய குச்சிகளைக் கட்டுக் கட்டாக மரத்தடியில் நிறுத்தியிருப்பார்கள். சேகோ பேக்டரிக் களங்களில் மாவு வெள்ளையாகக் காயும். மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவில் ஆறு ஒரு பக்கம் ஒதுங்கி, பாலத்தின் தூண்கள் பல மணலில் நிற்கும். மணலுக்கு மணலையே பயன்படுத்தலாம், மிக நன்றாகச் சலித்து.

மாசிச் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி வரும். பலகையின் வடக்கு எது என்று குறித்தாயிற்று. விளக்கை அந்த மூலையில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்ட வேண்டும். அதற்கு முன் பாலத்துத் தூண்களை வார்த்து நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டர் வெடிக்கிறது.