நான்கு மங்கல்கள்

சீடன்: ஐயா, அன்னம் விண்மீன் குழுவில் இருக்கும் கெப்ளர்-452 பற்றிப் படித்தேன். நம் சூரியனின் வகைதான். வயதில் சுமார் 150 கோடி ஆண்டு மூத்தது. அதை 385 நாளில் சுற்றும் ஒரு கோள், தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் நிற்கக்கூடிய தொலைவில் இருக்கிறதாம். 2015 ஜூலையில் நாசா அறிவித்தபோது பூமிக்கு உறவு கிடைத்துவிட்டதாகவே கொண்டாடினார்கள். அங்கே உயிர் இருக்குமா?

குரு: அந்தத் தொலைவில் இருந்தால் போதுமா? நம் நிலாவும் சூரியனிடமிருந்து அதே நல்ல தொலைவில்தான் இருக்கிறது. அங்கே ஒரு புல் முளைக்கவில்லையே. அது கிடக்கட்டும். அந்தக் கோளை யார் பார்த்தார்கள்?

சீடன்: கெப்ளர் விண்தொலைநோக்கி பார்த்ததே!

குரு: அது பார்த்தது விண்மீனை. நான்கு ஆண்டுக் காலம் வானத்தின் ஒரே பகுதியில் ஒன்றரை லட்சம் விண்மீன்களை உற்றுப் பார்த்தது. இந்த விண்மீனின் ஒளி நான்கு முறை மங்கியது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்து மணி நேரம். மங்கியது எவ்வளவு தெரியுமா? பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. காண்டல் இத்தோடு முடிந்தது. குறுக்கே ஒரு கோள் கடந்ததால்தான் மங்கியது என்பதும், அது பூமியைப்போல் 1.6 மடங்கு அகலம் என்பதும், 385 நாள் என்பதும் கருதல், அதாவது கண்டதை வைத்து ஊகித்தது. எடை கருதலுக்கும் எட்டவில்லை. அதனால் அது பாறையா, வாயு போர்த்திய உருண்டையா என்றுகூடச் சொல்ல முடியாது.

சீடன்: கருதலும் உண்மையை அறியும் ஓர் அளவைதானே ஐயா? புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்கிறோமே.

குரு: சரி, கண்டது புகைதானா, மூடுபனியா? அதை முதலில் தீர்க்க வேண்டும். கெப்ளர் சூரியனைச் சுற்றிவர 372 நாள் ஆகும். தன் சூரிய மின்தகடுகளில் வெயில் படுவதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்வட்டம் உருளும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விண்மீனின் ஒளி பழைய உணரியிலேயே மறுபடி விழும். அந்த உணரியின் மின்னணுவில் இரைச்சல் இருந்தால், ஓராண்டுக்கு ஒருமுறை ஒரு போலி மங்கல் வரும். அப்படிப் பல வந்தன. அந்தக் கோளின் ஆண்டோ 385 நாள், ஏறத்தாழ அதே இடைவெளி!

சீடன்: அப்படியானால் கருவியின் கோளாறையே கோள் என்று எண்ணியிருக்கலாமா?

குரு: இருக்கலாம். கெப்ளர் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர்களே 2018இல் அதை எழுதினார்கள். 99 விழுக்காடு உறுதி என்ற வரம்பை இந்தக் கோள் எட்டவில்லை என்றார்கள். அதை அறிவித்த நாளைவிட இதை எழுதிய நாளே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆசைப்பட்ட பொருளின் மேலேயே ஐயத்தை வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

சீடன்: எனக்கு அந்த உரம் இல்லை ஐயா. எங்கோ இன்னொரு பூமி இருக்கிறது என்று நினைக்கவே ஆறுதலாக இருந்தது.

குரு: அந்த ஆறுதலை ஏன் ஒரே கோளில் கட்டிவைக்கிறாய்? அப்படியொரு கோள் விண்மீனுக்கு நேர் குறுக்கே, நம் பார்வைக் கோட்டில் கடக்க வேண்டுமே! அவ்வளவு தள்ளிச் சுற்றும் கோள்களில் இருநூற்றில் ஒன்றுக்குத்தான் அந்தச் சாய்வு அமையும். மற்றவை இருந்தாலும் கெப்ளருக்குத் தெரியாது. காணாததை இல்லை என்று சொல்லாதே. கண்டதாக நினைத்ததை உண்டு என்றும் அவசரப்படாதே.

சீடன்: இனி இதை எப்படித் தீர்ப்பது? கெப்ளருக்குத்தான் 2018இல் ஓய்வு கொடுத்துவிட்டார்களே.

குரு: வேறொரு விண்தொலைநோக்கி வேண்டும். கோள் மெய்யானால் அடுத்த மங்கல் எந்த நாளையொட்டி வரும் என்று கணக்கிடலாம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திருப்பி, பத்து மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணரி வேறு, இரைச்சல் வேறு. அதிலும் அதே அளவு ஒளி குறைந்தால், அப்போது வந்து உயிரைப் பற்றிக் கேள்.