எச்சில், தாலி, வட்டி

விராலிமலைப் பக்கத்து ஆவூரில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. பாஸ்காவுக்கும் தேருக்கும் சாதி மதம் பார்க்காமல் கூட்டம் வரும். இப்போது நிற்கிற கோயில் 1747இல் கட்டியது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, நம் சீமைக் கிறிஸ்தவர்கள் எப்படித் தாலி கட்ட வேண்டும், எப்படி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று ரோமாபுரியிலிருந்து ஓர் ஆணை வந்திருந்தது. வேதக் கட்டளை காலத்துக்கு ஏற்ப மாறுமா என்று இன்று சபைக்குச் சபை மோதிக்கொள்ளும்போது, எனக்கு அந்த ஆணைதான் ஞாபகத்துக்கு வரும்.

1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, மதுரையில் மிஷனரி ராபர்ட் தெ நொபிலி வாதாடியபடி, பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கம்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் அடுத்த வருஷம் வேறு மாதிரிச் சொன்னார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, 108 இழை மஞ்சள் கயிறு கூடாது, பெண் வயதுக்கு வந்ததை விழா எடுத்துக் கொண்டாடக் கூடாது. ஞானஸ்நானத்தில் குருவானவர் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கையும் விட்டுவிடக் கூடாது. காது கேளாத ஒருவனை இயேசு எச்சிலால் குணப்படுத்திய நிகழ்ச்சியிலிருந்து வந்த சடங்கு அது. தண்ணீரைக்கூட வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊரில் அதை எப்படிச் செய்வது? ஆவூர் மிஷனைத் தொடங்கிய பூஷே சாமி, லாய்னஸ் சாமியோடு ரோமாபுரிக்கே போய் முறையிட்டார். கடவுளின் மகிமையும் ஆன்மாக்களின் மீட்பும் இடங்கொடுக்கிற அளவுக்கு ஆணையைக் கடைப்பிடியுங்கள் என்று பாப்பரசர் பதினோராம் கிளமெந்து வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாயலாம். சாய்ந்தார்கள்.

வழக்கை முடித்தவர் பதினான்காம் பெனடிக்ட், 1744இல். இந்த வழக்கங்களை அனுமதிக்க மாட்டோம் என்று மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் 1940 வரை இருந்தது. இன்று எங்கள் கோயிலில் சாமியாரே தாலியை மந்திரித்துக் கொடுக்கிறார். எச்சில் போய்விட்டது. வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சடங்கு வைக்கிற கிறிஸ்தவ வீடுகளில் மாதா படம் போட்ட பிளெக்ஸ் தொங்குகிறது.

ஆனால் தூர்னோன் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குருவானவர் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும், நோயாளியை வெளியே தூக்கி வரச் சொல்லக் கூடாது. மற்ற சாதிக்காரர்கள் எங்களை விட்டு விலகிவிடுவார்களே என்று மிஷனரிகள் தயங்கினார்கள். கடைசியில், பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆயிற்று. எச்சில் விஷயத்தில் நான் பூஷே சாமி கட்சி. இதில் ரோமாபுரி கட்சி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை நினைத்தால், அந்தச் சமரசத்தின் ஆயுள் எவ்வளவு என்பது தெரியும்.

இப்போதைய சண்டைகள் சாப்பாட்டுத் தட்டுவரை வந்துவிட்டன. தங்கை வீட்டு விருந்தில் ஆட்டு ரத்தப் பொரியல் வைத்தார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற அவள் புருஷன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "ரத்தம் ஆகாதுன்னு அப்போஸ்தலர் நடபடியிலயே இருக்கு மச்சான். இது பழைய ஏற்பாடு இல்ல." அவர் சொன்னது சரிதான். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் விருத்தசேதனத்தை வேண்டாம் என்றார்கள், ரத்தத்தை விலக்கச் சொன்னார்கள். சி.எஸ்.ஐ.க்காரனான என் சித்தப்பா மகன் விடவில்லை. "அது யூதர்களோட ஒரே பந்தியில உக்காரணுமேன்னு செஞ்ச ஏற்பாடுண்ணே." அவன் பக்கமும் பழைய சாட்சி உண்டு. கி.பி. 400 வாக்கிலேயே, ரத்தம் வடியாமல் அடித்துக் கொன்ற முயலைத் தின்ன இன்று யார் தயங்குகிறார் என்று அகுஸ்தீனார் எழுதிவிட்டார். அம்மாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. தபசுகால வெள்ளிக்கிழமையா, சுத்தபோசனம், அவ்வளவுதான்.

ஓய்வுநாள் பற்றியும் பேச்சு வந்தது. கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் அது மூன்றாம் கட்டளை, சி.எஸ்.ஐ.க்கு நான்காவது. பத்துக் கட்டளையில் ஒன்றை மட்டும் எப்படி ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்தினீர்கள் என்பது ஏழாம் நாள் அட்வெந்து சபையாரின் கேள்வி. அதற்குச் சுலபமான பதில் இல்லை. நன்னெறிச் சட்டம் நிற்கும், சடங்குச் சட்டம் கிறிஸ்துவோடு முடிந்தது என்று எல்லோரும் பிரித்துச் சொல்கிறோம். எது எந்தப் பெட்டியில் என்பதில்தான் அடிதடி.

அன்று பந்தியில் யாரும் எடுக்காத கட்டளை ஒன்று உண்டு. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் சொல்கிறது. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டிக்கு விடுவதே தொழிலாக உள்ளவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. தாலி வழக்கை முடித்த அதே பதினான்காம் பெனடிக்ட், அடுத்த வருஷமே, 1745இல், கடனுக்கு வட்டி வாங்குவது பாவம், வட்டி குறைவு என்பதாலோ கடன் வாங்கியவன் பணக்காரன் என்பதாலோ அது நியாயமாகிவிடாது என்று இத்தாலிய ஆயர்களுக்கு எழுதினார். 1830 வாக்கில் ரோமாபுரியே, மிதமான வட்டி வாங்குகிறவர்களைப் பாவசங்கீர்த்தனத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதற்காக யாரும் கப்பலேறவில்லை. சபையும் உடையவில்லை.

மாறியதில் நியாயம் உண்டு. விதைநெல் இல்லாதவன் வாங்குகிற கடனும், டிராக்டர் வாங்க வங்கியில் எடுக்கிற கடனும் ஒன்றல்ல. சீர்திருத்தக்காரர் கால்வினும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஓரளவு வட்டியை அனுமதித்தார். சரி, அப்படியானால் எங்கள் பக்கம் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று மாச வட்டிக்கும், அதற்கு மேல் நாள் வட்டிக்கும் போகிற பணம் எதில் சேரும்? ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் கைநீட்டுகிறவர்தான் அதை வாங்குகிறார். யாத்திராகமம் குறிப்பிடுகிற ஏழை அச்சு அசலாக அவரேதான். சடங்குச் சட்டம் என்று இதைத் தள்ள முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழக அரசு சட்டம் போட்டது. தாலிக்காக ஏறக்குறைய இருநூறு வருஷம் சத்தியம் வாங்கிய திருச்சபை, வட்டிக்காக எங்களிடம் ஒரு சத்தியமும் கேட்டதில்லை.

தபசுகால வெள்ளிக்கிழமையில் கறியை விடுகிற வீடுகள் அன்றைக்கு வட்டி வசூலையும் விட்டால் என்ன என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அன்பியக் கூட்டத்துல நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அந்தக் கூட்டம் நடக்கிற வீட்டுக்காரரே வட்டிக்கு விடுகிறவர்தான். இருந்தாலும் கேட்கத்தான் போகிறேன்.