நேரம் தவறுவது காலின் குற்றமா, நாவின் குற்றமா?

"அஸருக்குப் பிறகு வந்துவிடுகிறேன்" என்று சொன்னவர், மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகு வருகிறார். ஒருநாள் நடந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பஸ் வராமல் போயிருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கலாம். எப்போதுமே அப்படித்தான் வருகிறார் என்றால், அதை மார்க்கம் எந்தக் கணக்கில் சேர்க்கும்?

"தாமதம்தானே? வந்துவிட்டேன் அல்லவா?" என்பார் அவர். கொஞ்சம் கிதாபு ஓதியவராக இருந்தால், "வாக்கை நிறைவேற்றுவது வாஜிப் அல்லவே, சுன்னத்துதானே!" என்றும் சொல்வார். உண்மைதான். இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) உள்ளிட்ட பெரும்பாலோரின் கருத்து அதுவே என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தங்களின் 'அல் அத்கார்' நூலில் எழுதுகிறார்கள். ஆனால் அதே இடத்தில், வாக்குத் தவறுவது கடுமையான மக்ரூஹ் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வாக்கை நிறைவேற்றுவது வேறு. வாக்குக் கொடுக்கும்போது உண்மை பேசுவது வேறு. ஹிஜ்ரி 505-ல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் நாவின் ஆபத்துகள் 20-ஐ வரிசைப்படுத்தி, பொய்யான வாக்குறுதியை 13-ஆவதாக வைக்கிறார்கள். முனாஃபிக்கின் அடையாளங்களைக் கூறும் ஹதீஸை அங்கே விளக்குகிறார்கள். நிறைவேற்றும் எண்ணத்துடன் வாக்களித்து, தக்க காரணத்தால் தவறியவன் அதில் சேரமாட்டான். கொடுக்கும்போதே எண்ணம் இல்லாதவனும், காரணமின்றிக் கைவிட்டவனுமே அதில் சேர்வார்கள்.

இந்தத் தராசில் நம் நண்பரை நிறுத்திப் பாருங்கள். முதல்முறை அவருக்கு உஸுர் இருந்தது. பத்தாம் முறை என்ன இருக்கிறது? '5 மணி' என்று வாய் சொல்லும்போதே, '6 ஆகிவிடும்' என்று அவருடைய மனத்துக்குத் தெரியும். வரவேண்டும் என்ற ஆசை இருக்கலாம்; ஆசை நிய்யத் ஆகிவிடாது. ஆகவே அவருடைய குற்றம் தாமதமாக நடந்த காலில் இல்லை. தெரிந்தே தவறான நேரத்தைச் சொன்ன நாவில் இருக்கிறது.

"என் சுபாவம் அப்படி" என்பதும் நிற்காது. அதே மனிதர் ரயிலுக்குப் போகும்போது அரைமணி முன்பே ஸ்டேஷனில் நிற்கிறார்! ரயில் அவருக்காக நிற்காது. கூலிக்காக வாசலில் உட்கார்ந்திருக்கும் கொத்தனார் நிற்பார். தமக்கு நஷ்டம் வரும் இடத்தில் நேரம் தவறாதவர், பிறருக்கு நஷ்டம் வரும் இடத்தில் மட்டும் தவறுகிறார். யாருடைய நஷ்டத்தை அவர் நஷ்டமாக மதிக்கிறார் என்பதை இது காட்டிவிடுகிறது. வசதியுள்ளவன் கடனைக் கொடுக்கத் தாமதிப்பது அநியாயம் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் வந்திருக்கிறது. கொடுக்க மறுப்பதை மட்டுமல்ல, இழுத்தடிப்பதையே அநியாயம் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இப்படிப்பட்டவரிடம் அமானத்தை ஒப்படைக்க ஊரார் தயங்கினால், அதில் என்ன தவறு?

'இன்ஷா அல்லாஹ்' என்ற திருவார்த்தையின் கதியையும் பாருங்கள். நாளை செய்வேன் என்பவன் அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று சூரத்துல் கஹ்ஃபின் 23, 24-ஆம் வசனங்கள் கற்பிக்கின்றன. அது அடியானின் பணிவு. நாமோ, "இன்ஷா அல்லாஹ் என்றாரா? அப்படியானால் வரமாட்டார்" என்று பிறர் பேசும்படி அதை ஆக்கிவிட்டோம்.

பரிகாரம் சுலபமானது. 6 மணிக்குத்தான் முடியும் என்றால் 6 என்றே சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். கேட்பவர் முகம் கொஞ்சம் வாடும். ஆனால் அவருடைய நேரமும் உங்கள் நாவும் காப்பாற்றப்படும்.

வல்ல அல்லாஹ் நம் சொல்லையும் செயலையும் ஒன்றாக்கி வைப்பானாக! ஆமீன்.