தலைமைப் பண்பும் பொறுப்பளித்தலும்

தலைமைப் பண்பு பயிற்சியால் வருவதா, பொறுப்பேற்பதால் விளைவதா என்பது இளைஞர் மேம்பாட்டுத் திட்டங்கள் எதிர்கொள்ள வேண்டிய அறவியல் வினாவாகும். முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பிறர் துயருணர்தல் முதலிய பத்தினை வாழ்க்கைத் திறன்களாக உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. இவற்றைப் பயிலரங்குகளில் கற்பிக்கலாம். கற்றவர் முடிவெடுக்க இடம் உண்டா என்பதே கேள்வி.

இடுக்கி மாவட்டம் மூணாறில் 2015 செப்டம்பரில் நிகழ்ந்த போராட்டம் இங்கு நோக்கத்தக்கது. போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழரான தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கித் தாமே ஒன்பது நாள் போராடினர். 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்ற அவ்வணி, கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காட்டைப் பெற்றது. ஆண்களே மிகுந்திருந்த சங்கப் பொறுப்புகளில் இடமின்றி மறைந்திருந்த திறன் அன்று வெளிப்பட்டது எனலாம்.

இவ்வுண்மை இளைஞர்க்கும் பொருந்தும். ஒருவரின் தகுதியை ஆராய்ந்தபின் செயலை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரம் உணர்த்தும் நெறி. இளைஞரிடம் விட்டால் பிழை நேரலாம்; எனினும் பிழைக்கு இடமளிக்காத பொறுப்பு பொறுப்பாகாது. திறனைக் கற்பித்து அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் திட்டம் பின்பற்றுவோரையே உருவாக்கும். ஆகவே, திட்டமொன்றை அளக்கும் கோல் சான்றிதழ்களின் எண்ணிக்கை அன்று. இளைஞர் கைக்கு மாறிய முடிவுகளே.