திரும்பும் எல்லை

கலிபோர்னியாவின் கடற்கரையிலிருந்து ஹவாய்த் தீவுகள் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இடையில் இறங்குவதற்கு ஒரு மணல்திட்டுகூடக் கிடையாது. ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறு விமானங்களிலும் மனிதர்கள் இப்பெருங்கடலைக் கடக்கிறார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்துக்கொண்டு, பதினான்கு பதினைந்து மணி நேரம் தனியே பறக்கிறார்கள். இதைச் சாகசம் என்று உலகம் கொண்டாடுகிறது. ஆனால் இப்பயணத்தில் உண்மையாகவே சிந்திக்கத்தக்க செயல் வானத்தில் நிகழ்வதன்று. புறப்படுவதற்கு முன் ஒரு மேசைமீது, வரைபடத்தை விரித்துவைத்து நிகழ்வது.

விமானி அங்கே ஓர் எல்லையைக் குறிக்கிறார். அவ்விடத்திலிருந்து முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் ஆகும் நேரம் ஒன்றே. அது வழியின் நடுப்புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்க்காற்றினால் செல்லும்போது மணிக்கு 250 கிலோமீட்டரும், அதே காற்றின் உதவியால் திரும்பும்போது 300 கிலோமீட்டரும் வேகம் கிட்டுமானால், அந்த எல்லை பாதி வழியைத் தாண்டி, ஏறத்தாழ 2,130 கிலோமீட்டரில் அமையும். பாதித் தூரம் வேறு, பாதிக் காலம் வேறு. காற்று மாறினால் எல்லையும் நகரும். அதன் அருகிலேயே நிபந்தனைகளும் எழுதப்படுகின்றன: இவ்விடத்தை அடையும்போது எரிபொருள் இன்ன அளவுக்குக் குறைந்திருந்தால், கூடுதல் தொட்டியிலிருந்து எரிபொருள் சரிவர வராதிருந்தால், திரும்பிவிட வேண்டும்.

இதை ஏன் தரையிலேயே எழுதி வைக்க வேண்டும்? விண்ணில் அறிவு குறைந்துவிடுவதில்லை, ஆசை கூடிவிடுகிறது. எட்டு மணி நேரம் பறந்து வந்தவனுக்கு, வந்த தூரமே ஒரு வாதமாகிறது. "இவ்வளவு வந்தாயிற்றே, இன்னும் சற்றுத்தானே!" என்று மனம் வழக்காடும்போது, அது துணிவின் குரலைப் போலவே ஒலிக்கிறது. களைத்த மனம் தன் விருப்பத்தையே தன் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும். ஆகவே நிதானமான மனம் முன்கூட்டியே செய்த சங்கல்பம், பின்னால் வரப்போகும் கலங்கிய மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

திரும்பி வருபவன் கோழையா? 1935 மே மாதத்தில் ஆஸ்திரேலிய விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், 'சதர்ன் கிராஸ்' என்ற மூன்று எஞ்சின் விமானத்தில் சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்கு அஞ்சல் ஏற்றிச் சென்றார். நடுக்கடலின் மேல், உடைந்து பறந்த ஒரு துண்டு வலப்புற விசிறியைச் சேதப்படுத்தியது. அந்த எஞ்சினை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் திரும்பினார். இடப்புற எஞ்சினில் மசகெண்ணெய் தீரத் தொடங்கியபோது, உடன் சென்ற பி. ஜி. டெய்லர் பறக்கும் விமானத்திலிருந்து வெளியே ஊர்ந்து, நின்றுபோன எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்தெடுத்து, மறுபுறத்து எஞ்சினுக்கு மாற்றினார். அதையும் ஒருமுறையன்று, பலமுறை. பாரத்தைக் குறைக்கச் சரக்குகளும் அஞ்சல் பைகளும் கடலில் எறியப்பட்டன. எதற்காகப் புறப்பட்டார்களோ அதையே எறிந்துவிட்டுத் திரும்பினார்கள். டெய்லரின் வீரம் முழுவதும் பின்னோக்கிய பயணத்தில் வெளிப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் எல்லையைக் கடந்தபின் அறம் தலைகீழாகிறது. அதுவரை விவேகமாயிருந்த 'திரும்பிவிடு' என்ற எண்ணம், அதன்பின் வெறும் மயக்கமாகிவிடுகிறது. 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் சென்ற ஒரு சிறு விமானத்தில், கூடுதல் தொட்டியில் எரிபொருள் இருந்தும் அதை எஞ்சினுக்குக் கொண்டுவர முடியவில்லை. கரைக்கு இன்னும் சில நூறு கிலோமீட்டர் இருந்தது. அவ்விமானி வந்த வழியை எண்ணி வருந்திக்கொண்டிருக்கவில்லை. போகுமிடத்தை அடைந்தே தீருவதென்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. கடலோரக் காவல் படைக்குத் தெரிவித்து, அவ்வழியே வந்த ஒரு பயணிகள் கப்பலின் அருகே சென்று, விமானத்துக்கென்றே பொருத்தப்பட்டிருந்த பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார். மிதவையில் ஏறி உயிர் தப்பினார். அந்தப் பாராசூட்டும் மிதவையும் தேவைப்படக் கூடாதென்ற விருப்பத்தோடு சுமந்து செல்லப்பட்டவை. தோல்விக்கும் இடம் ஒதுக்கிப் புறப்படுவதை நம்பிக்கைக் குறைவு என்று சிலர் கருதக்கூடும். தனக்கு மட்டும் தீங்கு நேராது என்று எண்ணுவதற்கு நம்பிக்கை என்ற பெயர் பொருந்துமா?

திட்டம் சரியாக இருந்தால் பயணமும் முடிந்துவிடும் என்று சொல்ல இயலாது. அஞ்சலை எறிந்துவிட்டு உயிருடன் திரும்பிய அதே கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், அதே 1935-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விரைந்து செல்லும் முயற்சியில், நம் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கி இரவில் பறந்தார். உடன் சென்ற டாமி பெத்திபிரிட்ஜும் அவரும் திரும்பவேயில்லை. பதினெட்டு மாதங்களுக்குப் பின் பர்மியக் கரையோரம் அவ்விமானத்தின் சக்கரக்கால் ஒன்று கிடைத்தது. மே மாதம் எடுத்த முடிவு சரி, நவம்பரில் எடுத்தது தவறு என்று அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.